எந்தச் சூழலில் சோதித்தீர்கள்?

2023-ஆம் ஆண்டின் பிற்பாதியில் ஒரு பகற்பொழுது. பூரணாங்குப்பத்தில் ஒரு தேநீர்க் கடையில் அமர்ந்திருந்தேன். திடீரென்று கடையில் இருந்த நான்கைந்து கைப்பேசிகள் ஒரே நேரத்தில், அதுவரை யாரும் கேட்டிராத ஓசையில் அலறின. பதறிப்போய்த் திரையைப் பார்த்தால், அவசர எச்சரிக்கை என்ற தலைப்பின்கீழ், இது தொலைத்தொடர்புத் துறை அனுப்பும் மாதிரிச் சோதனைச் செய்தி, பொருட்படுத்த வேண்டாம் என்று எழுதியிருந்தது. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் எச்சரிக்கை அமைப்புக்காக நாடு முழுவதும் பல கட்டங்களாக நடந்த சோதனையின் ஒரு பகுதி அது. சிலர் சிரித்தார்கள். சிலர் எரிச்சலோடு கைப்பேசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்கள். என் அருகில் இருந்த நல்லவாட்டுப் பெரியவர், கடலில் நாற்பது ஆண்டுகளைக் கழித்தவர், தம்முடைய பட்டன் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நெஜமா வந்தாலும் இதே மாதிரிதான் கத்துமா தம்பி? என்னுது கத்தவே இல்லையே" என்றார்.

இருபது ஆண்டுகளுக்கும் மேலாக மென்பொருள் சோதனைத் துறையில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவன் நான். என் துறையின் ஆகப் பெரிய இரண்டு கேள்விகளை அந்தப் பெரியவர் ஒரே மூச்சில் கேட்டுவிட்டார். சோதனையையும் உண்மையையும் எதைக் கொண்டு பிரித்தறிவது? உண்மை எங்கே நிகழுமோ, அங்கே அந்தச் சோதனை போய்ச் சேர்ந்ததா? அரசின் சேவைகள் ஒவ்வொன்றாக மென்பொருளின் கைக்கு மாறிவரும் காலத்தில், இவ்விரண்டு கேள்விகளும் பொறியாளர்களின் அறைக்குள் மட்டும் அடங்கிக் கிடக்க வேண்டியவை அல்ல.

கொஞ்சம் தொழில் விளக்கம் தேவைப்படுகிறது. ஒரு மென்பொருளின் உறுப்புகளைத் தனித்தனியே சோதிப்பது ஒரு வகை. அவற்றை ஒன்றோடொன்றும், வங்கி, குறுஞ்செய்தி நிறுவனம், ஆதார் போன்ற வெளி அமைப்புகளோடும் இணைத்து ஓடவிட்டுப் பார்ப்பது இன்னொரு வகை. இரண்டாவதற்கு ஒருங்கிணைப்புச் சோதனை என்று பெயர். அடுப்படியில் சாம்பாரையும் பொரியலையும் தனித்தனியே ருசி பார்ப்பது ஒன்று. பந்தியில் எல்லாம் உரிய வரிசையில், சூடு ஆறாமல், கடைசி இலைவரை வந்து சேர்கின்றனவா என்று பார்ப்பது வேறொன்று. பெரும்பாலான மென்பொருள்கள் சிக்குவது பந்தியில்தான்.

இந்தச் சோதனையில் ஒரு சங்கடம் உண்டு. மென்பொருள் எந்தத் தரவுத்தளத்தோடு பேச வேண்டும், எந்தக் குறுஞ்செய்தி வாயிலுக்குச் செய்தியை அனுப்ப வேண்டும், பதிலுக்கு எத்தனை நொடி காத்திருக்க வேண்டும், எந்த மொழியில் எழுத வேண்டும் என்பன போன்ற விவரங்கள் இடத்துக்கு இடம் மாறுபவை. பொறியாளரின் மடிக்கணினியில் ஒன்று, சோதனைக் கூடத்தில் ஒன்று, மக்கள் பயன்படுத்தும் நேரடிச் சூழலில் வேறொன்று. முற்காலத்தில் இவற்றை நிரலுக்குள்ளேயே எழுதிவைப்பார்கள். சோதிக்கும்போது மாற்றுவார்கள், முடிந்ததும் திருப்பி எழுதுவார்கள், சில நாள் மறந்துபோவார்கள். இதற்குத் தீர்வாக வந்ததுதான் சூழலுக்கு ஒரு அமைப்புக் கோப்பு என்னும் முறை. நிரல் ஒன்றே, அது இருக்குமிடத்தைப் பொறுத்து உரிய விவரத் தொகுப்பை எடுத்துக்கொள்ளும். அத்தொகுப்பை எங்கள் துறையில் 'புரொஃபைல்' என்கிறார்கள். ஜாவா உலகில் பரவலாகப் பயன்படும் ஸ்பிரிங் என்னும் கட்டமைப்பு, 2011 டிசம்பரில் வெளிவந்த தன் 3.1 பதிப்பில் இதை முறைப்படி சேர்த்தது. 2014-இல் வந்த ஸ்பிரிங் பூட், சூழலின் பெயரைத் தாங்கிய தனித்தனிக் கோப்புகள் என்ற வழக்கத்தை எளிதாக்கிப் பரப்பியது.

அதே 2011-இல் ஹெரோக்கு நிறுவனத்தின் பொறியாளர்கள் பன்னிரண்டு நெறிகள் கொண்ட ஆவணம் ஒன்றை வெளியிட்டார்கள். அமைப்பு விவரங்கள் நிரலுக்கு வெளியே இருக்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. நிரல் முழுவதையும் இந்த நொடியே உலகறியத் திறந்து வைத்தாலும் ஒரு கடவுச்சொல்கூட வெளியே போகக் கூடாது என்பது அதற்கு அவர்கள் வைத்த உரைகல். ஆனால், பெயரிட்ட தொகுப்புகளை அவர்கள் ஏற்கவில்லை. சூழல்கள் பெருகிக்கொண்டே போகும், அவற்றோடு தொகுப்புகளும் பெருகிக் கட்டுக்கடங்காமல் போகும் என்பது அவர்களுடைய அச்சம். இந்த வழக்கு எங்கள் துறையில் இன்னும் தீர்ந்தபாடில்லை. நான் தொகுப்புகளின் கட்சி. சூழல்கள் பெருகத்தான் செய்யும். அவற்றுக்குப் பெயர் வைக்காமல் விட்டால் அவை இல்லாமல் போய்விடுவதில்லை.

எல்லாம் பச்சை

பல ஆண்டுகளுக்கு முன்பு, கடன் வழங்கும் நிறுவனம் ஒன்றுக்கான மென்பொருளைச் சோதிக்கும் குழுவில் இருந்தேன். இரவு நேரத்தில் ஒருங்கிணைப்புச் சோதனைகள் தாமாக ஓடும். காலையில் அறிக்கை வரும். ஒருநாள் சோதனை ஓடும் கணினியை மாற்றினோம். எந்தச் சூழல் தொகுப்பைப் பயன்படுத்த வேண்டும் என்று சொல்லும் ஒற்றை வரி, பழைய கணினியிலிருந்து புதியதற்கு வரவில்லை. தொகுப்பின் பெயர் குறிப்பிடப்படாவிட்டால் நேரடிச் சூழலின் விவரங்களையே எடுத்துக்கொள்ளுமாறு அந்த மென்பொருள் எழுதப்பட்டிருந்தது. விளைவு, 'உங்கள் தவணை செலுத்தப்படவில்லை' என்ற சோதனைக் குறுஞ்செய்தி உண்மையான கடனாளிகளுக்குப் போயிற்று. தவணையை ஒருநாளும் தவறவிடாத மூதாட்டி ஒருவர், காலை ஏழு மணிக்கே ரசீதுகளை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு கிளையின் வாசலில் வந்து அமர்ந்திருந்தார் என்று பின்னர் அறிந்தேன். அன்றைய சோதனை அறிக்கையில் எல்லாம் பச்சை. குறுஞ்செய்தி அனுப்பும் பகுதி வெற்றி என்று தனியே ஒரு வரியும் இருந்தது.

அதன்பின் நாங்கள் செய்த மாற்றம் சிறியது. தொகுப்பின் பெயர் இல்லையென்றால் மென்பொருள் எழவே எழாது. அப்படியே எழ வேண்டியிருந்தால், யாருக்கும் தீங்கு செய்ய இயலாத தொகுப்போடுதான் எழும். சோதனைத் தொகுப்பில் வெளியூருக்குச் செல்லும் எல்லா வாயில்களும் ஒரு பொய் வாயிலுக்குத் திருப்பப்பட்டிருக்கும். நேரடிச் சூழலின் கடவுச்சொற்கள் சோதனைக் கணினிக்கு எட்டவே எட்டாத இடத்தில் இருக்கும். மறதியின் விலை சோதனை தடைபடுவதாக இருக்கலாம். ஒரு மூதாட்டியின் தூக்கமாக இருக்கக் கூடாது.

இதையே ஒரு மாநிலத்தின் அளவில் உலகம் பார்த்தது, 2018 ஜனவரி 13 அன்று. அமெரிக்காவின் ஹவாய் மாநிலத்தில் காலை 8.07 மணிக்கு, ஏவுகணை வந்துகொண்டிருக்கிறது, உடனே பாதுகாப்பான இடத்தில் ஒதுங்குங்கள், இது ஒத்திகை அல்ல என்ற செய்தி கைப்பேசிகளில் வந்தது. பெற்றோர் பிள்ளைகளைக் குளியலறைத் தொட்டிகளில் படுக்கவைத்தார்கள். தொலைவில் இருந்தவர்களை அழைத்துப் பலர் விடைபெற்றார்கள். அது தவறான செய்தி என்ற திருத்தம் வருவதற்கு 38 நிமிடங்கள் ஆயின. பணி மாற்ற நேரத்தில் நடந்த ஒத்திகையை உண்மை என்று ஓர் ஊழியர் நினைத்துவிட்டார் என்று செய்தி பரவியது. அவர் வேலையும் போயிற்று. ஆனால், அமெரிக்கக் கூட்டாட்சித் தகவல் தொடர்பு ஆணையம் நடத்திய விசாரணையில் வெளிவந்த வேறொரு செய்தி எனக்கு முக்கியமாகப் படுகிறது. எச்சரிக்கை அனுப்பும் மென்பொருள், சோதனைச் சூழலையும் நேரடிச் சூழலையும் வேறுபடுத்திக் காட்டவே இல்லை. இரண்டுக்கும் ஒரே திரை. சோதனைச் செய்தியானாலும் மெய்யான செய்தியானாலும், இந்த எச்சரிக்கையை அனுப்ப விரும்புகிறீர்களா என்று ஒரே வாக்கியத்தில்தான் அது கேட்டது. ஒரே கேள்விக்கு நூறு முறை 'ஆம்' என்று அழுத்திப் பழகிய விரல், நூற்றோராவது முறையும் அப்படித்தான் அழுத்தும்.

மூன்று வாரம் கழித்து, பிப்ரவரி 6 அன்று, அமெரிக்கக் கிழக்குக் கடற்கரைவாசிகள் சிலரின் கைப்பேசிகளில் ஆழிப்பேரலை எச்சரிக்கை தோன்றியது. அந்நாட்டு வானிலைத் துறை வழக்கமாக அனுப்பும் மாதாந்திரச் சோதனைச் செய்தியை, அக்யூவெதர் என்னும் தனியார் நிறுவனத்தின் செயலி மெய்யான எச்சரிக்கையாக எடுத்துக்கொண்டு அனுப்பிவிட்டது. செய்தியில் சோதனை என்று எழுதியிருந்ததே என்றது அரசு. சொல்லில் சோதனை என்றிருந்தது, கணினி படிக்கும் குறியீட்டில் மெய் என்றிருந்தது என்றது நிறுவனம். ஒருங்கிணைப்பில் இரு தரப்பும் தத்தம் வேலையைச் சரியாகச் செய்ததாகவே சொல்லும். பிழை நடுவில் நிற்கும்.

நம் நாட்டின் எச்சரிக்கை அமைப்பான 'சசேத்', பொது எச்சரிக்கை நெறி என்னும் உலகத் தரத்தின்மீது எழுப்பப்பட்டது. அந்தத் தரத்தில் ஒவ்வொரு செய்திக்கும் நிலை என்றொரு கட்டாயக் கட்டம் உண்டு. உண்மை, ஒத்திகை, அமைப்புகளுக்கு இடையிலான செய்தி, சோதனை, வரைவு என்ற ஐந்தில் ஒன்றைத்தான் அதில் இட முடியும். மனிதர் படிக்கும் வாக்கியத்தில் மட்டுமின்றி, கணினி படிக்கும் இடத்திலும் சோதனை சோதனையாகவே இருக்க வேண்டும் என்பதற்கான ஏற்பாடு அது. சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும், அணைப் பொறியாளரின் கணினி முதல் கைப்பேசிக் கோபுரம்வரை, அந்தக் கட்டத்தைப் படித்து அதன்படி நடக்கிறதா என்பதைத்தான் ஒருங்கிணைப்புச் சோதனை முதலில் பார்க்க வேண்டும்.

மதில் உயர்ந்தாலும் ஆபத்து

இதுவரை சொன்னதைக் கொண்டு, சோதனைக்கும் நேரடிச் சூழலுக்கும் இடையில் உயரமான மதிலை எழுப்பிவிட்டால் போதும் என்று தோன்றலாம். போதாது. பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி 2018 ஏப்ரலில் தன் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களின் கணக்குகளை ஒரே வார இறுதியில் புதிய மென்பொருளுக்கு மாற்றியது. திங்கட்கிழமை விடிந்தபோது லட்சக்கணக்கானோர் தம் கணக்கைத் திறக்க முடியாமல் தவித்தார்கள். சிலருக்குப் பிறர் கணக்கு தெரிந்தது. எல்லாம் வழக்கநிலைக்குத் திரும்ப அவ்வாண்டு டிசம்பர் ஆயிற்று. 2022 டிசம்பரில் பிரிட்டனின் நிதி ஒழுங்குமுறை அமைப்புகள் அந்த வங்கிக்கு 4.86 கோடி பவுண்டு அபராதம் விதித்தன. அவ்வங்கிக்கு இரண்டு தரவு மையங்கள். இரண்டும் அச்சில் வார்த்தாற்போல ஒன்றாக இருக்கும் என்ற நம்பிக்கையில், பாரம் தாங்குமா என்னும் சோதனையை ஒன்றில் மட்டும் நடத்தினார்கள். இரண்டின் அமைப்பு விவரங்களும் ஒன்றாக இல்லை என்பது மக்கள் உள்ளே வந்த பிறகுதான் தெரிந்தது.

ஆகவே, சூழல் தொகுப்பு என்பது ஒன்றுக்கொன்று முரணான இரண்டு வேலைகளைச் செய்ய வேண்டியிருக்கிறது. சோதனை உண்மைக்குள் கசிந்துவிடாமல் பிரித்து வைக்க வேண்டும். அதே நேரத்தில் சோதனை உண்மையைப்போலவே இருக்கவும் வேண்டும். இரண்டு கோப்புகளுக்கும் இடையே எத்தனை வரிகள் வேறுபடுகின்றனவோ, அத்தனை வரிகள் சோதிக்கப்படாதவை. தரவுத்தளத்தின் முகவரியும் கடவுச்சொல்லும் வேறுபட்டாக வேண்டும். காத்திருக்கும் நேரம், மொழி, ஒரே நேரத்தில் எத்தனை பேரை உள்ளே விடுவது என்பன வேறுபட்டால் அதற்குக் காரணம் எழுதப்பட்டிருக்க வேண்டும். சோதனை அறிக்கையைக் கையில் வாங்கும் எந்த அதிகாரியும் முதலில் கேட்க வேண்டியது, எத்தனை சோதனைகள் வென்றன என்பதை அன்று. அவை எந்தத் தொகுப்பில் ஓடின, அந்தத் தொகுப்பு நேரடிச் சூழலிலிருந்து எந்தெந்த வரிகளில் வேறுபடுகிறது என்பதை.

ஆதாரை எடுத்துக்கொள்வோம். ஆதாரோடு இணையும் மென்பொருளை எழுதுவோருக்கென்று தனித்துவ அடையாள ஆணையம் தனிச் சோதனைச் சூழலையும், அதற்கென்றே உருவாக்கிய சோதனை எண்களையும் தருகிறது. மெய்யான மனிதர்களின் தரவைத் தொடாமல் சோதிக்க முடிகிறது, நல்ல ஏற்பாடு. ஆனால், அந்தச் சோதனை மனிதர்களுக்கு எப்போதும் தெளிவான ரேகை, எப்போதும் பொருந்தும் பெயர். எங்கள் ஊரில் கயிறு இழுத்து, வலை பின்னி, உப்புநீரில் ஊறிய விரல்களில் ரேகையைத் தேட வேண்டியிருக்கிறது. வங்கிப் புத்தகத்தில் தகப்பன் பெயர் முன்னால், அட்டையில் பின்னால். சோதனைத் தொகுப்பில் இப்படிப்பட்ட மனிதர் ஒருவரும் இல்லையென்றால், ரேகை பொருந்தாதபோது என்ன செய்வது என்ற பகுதி ஒருமுறைகூட ஓடிப்பார்க்காமலே ஊருக்குள் வந்துவிடுகிறது. அதை முதன்முதலில் சோதிப்பவர், மீன்பிடித் தடைக்கால நிவாரணத்துக்காக வரிசையில் நிற்கும் மீனவர்.

புதுச்சேரி என்னும் தொகுப்பு

இந்த இடத்தில் எங்கள் ஒன்றியப் பகுதியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மென்பொருளின் பார்வையில் புதுச்சேரி என்பது ஒரு மாநிலக் குறியீடு. அதற்கு ஒரு மொழி, ஒரு கடற்கரை. உண்மையில் புதுச்சேரியும் காரைக்காலும் தமிழ் பேசும். மாஹே கேரளத்துக்குள் இருந்துகொண்டு மலையாளம் பேசும். ஏனாம் கோதாவரிக் கரையில் தெலுங்கு பேசும். மாநிலக் குறியீட்டைப் பார்த்து மொழியை முடிவுசெய்யும் நிரல், ஏனாமுக்குத் தமிழில் வெள்ள எச்சரிக்கை அனுப்பும். சோதனையிலும் அது வென்றுவிடும், சோதித்தவர் புதுச்சேரி நகரத்தின் முகவரியை இட்டிருந்தால்.

புதுச்சேரி மாவட்டத்துக்குள்ளேயே கதை இன்னும் சிக்கலானது. பிரெஞ்சுக்காரர்கள் விட்டுச்சென்ற எல்லைகள் விழுப்புரம், கடலூர் மாவட்டங்களுக்குள் திட்டுத்திட்டாகக் கிடக்கின்றன. பாகூரிலிருந்து சற்றுத் தொலைவு நடந்தால் தமிழ்நாடு; இன்னும் கொஞ்சம் நடந்தால் மீண்டும் புதுச்சேரி. எச்சரிக்கைச் செய்தி ஆளைத் தேடிப் போவதில்லை, கோபுரத்தைத் தேடிப் போகிறது. கோபுரத்தின் அலைகளுக்கு எல்லைக்கல் தெரியாது. பாகூரில் இருப்பவரின் கைப்பேசி கடலூர் மாவட்டக் கோபுரத்தைப் பற்றிக்கொண்டிருந்தால், புதுச்சேரிக்கென்று அனுப்பும் செய்தி அவரை அடையுமா? மாவட்டத்தின் பெயரால் கோபுரங்களைத் தேர்ந்தெடுப்பதா, நிலப்படத்தில் வரைந்த கோட்டால் தேர்ந்தெடுப்பதா என்பது அமைப்புக் கோப்பில் ஒரு வரி. எங்களுக்கு அது இரவில் விழிப்பதா உறங்குவதா என்ற கேள்வி.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. 24 மணி நேரத்தில் 46 சென்டிமீட்டருக்கும் அதிகமான மழை. அது ஓய்ந்தபின் வந்தது இரண்டாவது அடி. சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட நீரோடு பெருகிய தென்பெண்ணை, பாகூர் பகுதிக் கிராமங்களைச் சூழ்ந்தது. வில்லியனூருக்கு வரும் வெள்ளமோ வேறு வழி. வீடூர் அணையிலிருந்து சங்கராபரணி வழியாக இறங்கி, சுண்ணாம்பாறாகக் கிளைத்து, பூரணாங்குப்பத்தின் பக்கம் கடலைத் தேடும். இரு அணைகளும் தமிழ்நாட்டில் இருக்கின்றன. நீர் வந்து நிற்பது புதுச்சேரியில். அணையின் மதகு திறக்கும் தகவல் ஓர் அரசின் அமைப்பிலிருந்து இன்னோர் அரசின் அமைப்புக்குப் போய், அங்கிருந்து கிராமத்துக்கு வர வேண்டும். இதைவிட நேரான ஒருங்கிணைப்புச் சோதனை எங்கே கிடைக்கும்? ஒரே மாவட்டத்தில் நல்லவாட்டுக்கான தொகுப்பில் முதல் வரி கடல். பாகூருக்கான தொகுப்பில் முதல் வரி ஆறு.

இப்படி ஊருக்கு ஒரு தொகுப்பு வைப்பது ஆகிற காரியமா என்று கேட்பவர்களுக்கு எங்கள் பகுதியிலேயே பதில் இருக்கிறது. 1998-இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், கனடா நாட்டு ஆய்வு நிதியத்தின் உதவியுடன், வில்லியனூரை மையமாகக் கொண்டு தகவல் கிராமம் என்னும் திட்டத்தைத் தொடங்கியது. பூரணாங்குப்பமும் அதில் இடம்பெற்ற கிராமங்களுள் ஒன்று. தொலைபேசி இணைப்பு நம்பத்தக்கதாக இல்லாத காலம். ஆகவே வானொலி அலை வழியே கணினிகளை இணைத்தார்கள். மின்சாரம் நிற்காத நாளில்லை. ஆகவே சூரிய மின்கலங்களைச் சேர்த்தார்கள். எம்பலத்தில் கணினி கோயில் வளாகத்தில் இருந்தது; பெண்கள் நடத்தினார்கள். உழவர்களின் ஊரில் நெல் விலையும் உரமும் மருத்துவர் வரும் நாளும் கேட்டார்கள். மீனவர்களின் வீராம்பட்டினத்தில் கேட்டது அலையின் உயரம். அமெரிக்கக் கடற்படையின் இணையப் பக்கத்திலிருந்து வங்கக் கடலின் அலை உயர முன்னறிவிப்பை வில்லியனூரில் இறக்கி, தமிழாக்கி, வீராம்பட்டினத்தின் ஒலிபெருக்கியில் நாள்தோறும் அறிவித்தார்கள். கடலுக்குப் புறப்படுகிறவன் கணினித் திரையின் முன் வந்து உட்கார மாட்டான். வலையைத் தூக்கும்போது காதில் விழுந்தால் கேட்பான். மையத்தில் இருந்தது ஒரே தகவல் களஞ்சியம். ஊருக்கு ஊர் மாறியது அதன் வாயில். அந்த நாளில் இதற்குப் புரொஃபைல் என்று யாரும் பெயர் சூட்டவில்லை.

2004 டிசம்பர் 26 காலை. ஆழிப்பேரலை எச்சரிக்கை அமைப்பு என்று ஒன்று இந்தியாவில் அப்போது இல்லை. ஹைதராபாதில் அது அமைந்தது 2007 அக்டோபரில்தான். சிங்கப்பூரில் வேலை பார்த்த நல்லவாட்டு இளைஞர் ஒருவர், தொலைக்காட்சியில் நிலநடுக்கச் செய்தியைப் பார்த்துவிட்டு வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்தார். அவர் அந்தத் தகவல் மையத்தில் முன்பு தொண்டராக இருந்தவர். வீட்டிலிருந்து செய்தி மையத்துக்குப் போயிற்று. மையத்தின் ஒலிபெருக்கி ஊரைக் கரையிலிருந்து விலகி ஓடச் சொன்னது. படகுகளும் வீடுகளும் போயின. சுமார் 3,600 பேர் வாழ்ந்த ஊரில் மக்கள் உயிர் பிழைத்தார்கள்.

இந்தக் கதையைத் தொலைபேசி அழைப்பின் கதையாகவே எல்லோரும் சொல்கிறார்கள். சோதனைக்காரனாகிய எனக்கு ஒலிபெருக்கிதான் கண்ணில் படுகிறது. பேரிடருக்கென்று மூட்டைகட்டி வைத்திருந்த கருவி அன்று அது. தினமும் அலை உயரமும் ஊர்ச் செய்தியும் சொல்லிக்கொண்டிருந்த கருவி. மின்சாரம் இருக்கிறதா, கடைசித் தெருவரை கேட்கிறதா, அந்தக் குரலை ஊர் நம்புமா என்பதெல்லாம் ஒவ்வொரு நாளும், அதே ஊரில், அதே காற்றில் சோதிக்கப்பட்டுக்கொண்டே இருந்தன. அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் புதிதாக வந்தது செய்தி மட்டும்தான்.

அந்த வகையில், 2023-இல் கைப்பேசிகளை மெய்யாகவே அலறவிட்டது சரியான செயல் என்பேன். எரிச்சல்பட்டவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. சோதனைக் கூடத்துக்குள் எத்தனை முறை ஓட்டினாலும், நல்லவாட்டுப் பெரியவரின் பட்டன் போன் ஒலிக்காது என்பது தெரிய வந்திருக்காது. ஆனால் ஒலிக்கவில்லை என்று அவர் சொல்வதைக் கேட்டு எழுதிக்கொள்ளும் வரை அந்தச் சோதனை பாதிதான் முடிந்திருக்கிறது. அனுப்பியதை எண்ணுவது எளிது. அது பொறியில் பதிவாகிவிடும். சேராததை எண்ண ஊருக்குள் வர வேண்டும்.

கடலுக்குள்ளும் போக வேண்டும். கரையிலிருந்து 10, 12 கிலோமீட்டருக்கு அப்பால் கைப்பேசிக் கோபுரங்களின் கை நீளாது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வீசியபோது ஆழ்கடலில் இருந்த குமரி, கேரள மீனவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேர வழியில்லாமல் போனதை நாடே பார்த்தது. அதன்பின் செயற்கைக்கோள் வழியே செய்தி பெறும் கருவிகள் வந்தன. ஜெமினி என்ற கருவி 2019 அக்டோபரில் அறிமுகமானது. கருவி இருக்கிறது, செய்தி இருக்கிறது. இரண்டையும் நடுக்கடலில், ஆடும் படகில், உப்பேறிய பொத்தான்களோடு சேர்த்துச் சோதித்தோமா என்பதே என் கேள்வி.

அரசு மென்பொருளுக்கான ஒப்பந்தப்புள்ளிகளில் வழக்கமாக ஒரு வரி இருக்கும்: முழுமையாகச் சோதித்து ஒப்படைக்க வேண்டும். அந்த வரியை விரித்து எழுத வேண்டும் என்பதே என் கோரிக்கை. எந்தெந்தச் சூழல் தொகுப்புகளில் சோதித்தீர்கள், அவற்றுக்குள் என்ன வேறுபாடு என்பதை நிறுவனம் எழுதித் தர வேண்டும். தொகுப்பின் பெயர் விடுபட்டால் மென்பொருள் தீங்கற்ற பக்கமே சாய்கிறது என்பதை நேரில் செய்து காட்ட வேண்டும். சோதனைத் திரையும் நேரடித் திரையும் நிறத்திலும் கேட்கும் கேள்வியிலும் வேறுபட வேண்டும். ஏனாமின் தெலுங்கு, பாகூரின் கோபுரம், தேய்ந்த ரேகை, பட்டன் போன் ஆகியவை விதிவிலக்குகள் என்ற பட்டியலில் கிடக்காமல், பெயரிட்ட தொகுப்புகளாகச் சோதனைக் கூடத்துக்குள் நுழைய வேண்டும். இவற்றுக்குப் புதிய தொழில்நுட்பம் எதுவும் வேண்டியதில்லை. ஸ்பிரிங்கின் அந்த வசதிக்கே பத்தாண்டுகளுக்கு மேல் வயதாகிவிட்டது.

நல்லவாட்டுப் பெரியவரிடம் இதையெல்லாம் ஒருநாள் என்னால் இயன்ற அளவு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப அடுத்த தடவ மத்தியானத்துல வெக்க வேணாம்னு சொல்லு. விடியக்காலம் நாலு மணிக்கு வெக்கச் சொல்லு. நாங்க எல்லாம் உள்ள இருப்போம்" என்றார். அவர் சொன்ன 'உள்ள', கடல். அடுத்த சோதனையின் நேரத்தை முடிவு செய்பவர்களின் பார்வைக்காக அதை இங்கே அப்படியே பதிவு செய்கிறேன்.